பதினோரு வீடுகளின் கேள்வி

கேள்வி: ஐயா, 140 குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். இவற்றில் 11 குடும்பங்கள் வேறு மொழி பேசுபவை. வேறு வழிபாட்டு முறையைப் பின்பற்றுபவை. மாதத்தில் ஒரு நாள் மாலை, சங்கத்தின் பொதுக்கூடத்தில் கூட்டு வழிபாடு நடத்திக்கொள்ள அவர்கள் அனுமதி கேட்டார்கள். மற்றவர்களின் வழிபாட்டுக் கூட்டங்கள் அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. பொதுக்குழுவில் கையுயர்த்தச் சொல்லி வாக்கெடுத்தோம். எதிர்த்து 96, ஆதரித்து 14. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என்னிடம் வந்து, “நாங்கள் எப்போதும் 11 வீடுதான் ஐயா. எதைக் கேட்டாலும் வாக்கெடுப்பு என்றால், நாங்கள் கேட்டு என்ன பயன்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பெரும்பான்மையின் முடிவுதானே ஜனநாயகம்? சிறுபான்மையினருக்குத் தனியாக உரிமை கொடுத்தால் அது மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா? அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் நம்மவர்களுக்கு இடம் கொடுக்கிறார்களா என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கும் என்னால் விடை சொல்ல முடியவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அன்புடையீர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூட்டத்தை முறைப்படி நடத்தி, முடிவைக் குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகும் அந்தப் பெண்ணின் சொல் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். பொதுப் பொறுப்பில் இருக்கும் பலருக்கு அது வருவதில்லை. அரசமைப்புச் சட்ட வழக்குகளிலேயே என் தொழில்வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அவர் நின்றபடியே கேட்ட அந்த ஒரு வரிக்குத்தான் பல நாடுகளின் நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக விடை தேடியிருக்கின்றன.

பெரும்பான்மையின் முடிவுக்கு நாம் ஏன் கட்டுப்படுகிறோம் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை இந்த ஆண்டே புதுப்பிப்பதா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வதா என்று உங்கள் சங்கத்தில் வாக்கெடுத்தால், தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டாவது தம் பங்கைக் கட்டிவிடுவார். ஏனென்றால், அடுத்த கூட்டத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் மனத்தை மாற்ற அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. இன்று தோற்ற கருத்து நாளை வெல்லலாம். இந்த நம்பிக்கை இருக்கும்வரைதான் தோற்றவர் அவையை விட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார். தாய்மொழியாலும் வழிபாட்டாலும் இனத்தாலும் சிறுபான்மையாக இருப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் 96 பேரின் தாய்மொழியை மாற்றிவிட முடியாது. மாற்ற வேண்டும் என்று அவர் விரும்பவும் இல்லை. கருத்தால் சிறுபான்மையாக இருப்பது ஒரு பருவம். பிறப்பால் சிறுபான்மையாக இருப்பது வாழ்நாள் முழுவதற்குமானது. இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் ‘பெரும்பான்மை முடிவே ஜனநாயகம்’ என்ற வாதத்தின் அடிப்படைக் கோளாறு. அந்தப் பெண் அதைச் சரியாகக் கண்டுகொண்டார்.

எனவே, உங்கள் தவறு வாக்குகளை எண்ணியதில் இல்லை. எண்ணி முடிவு செய்யத்தக்க விஷயம்தானா என்று பார்க்காமல் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. 1943-இல், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், தேசக் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த பள்ளிப் பிள்ளைகளின் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்தது. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மூன்றே ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியில் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்த அந்த நீதிமன்றம் இம்முறை தன் நிலையை மாற்றிக்கொண்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன், அடிப்படை உரிமைகளை வாக்கெடுப்புக்கு விட முடியாது, அவை எந்தத் தேர்தலின் முடிவையும் பொறுத்தவை அல்ல என்று குறிப்பிட்டார். சில பொருள்களை அரசியல் சச்சரவுகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதற்காகவே உரிமைகள் எழுதி வைக்கப்படுகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதைப் போன்ற ஒரு வழக்கு இந்தியாவிலும் நடந்தது. கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், அதே சமயப் பிரிவினர், பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது மற்றவர்களோடு எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். தங்கள் நம்பிக்கைப்படி பாடக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நெடுநாள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1985-இல் ஒருவர் அதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பினார். விசாரணைக்கு நியமிக்கப்பட்ட குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை தந்தது. ஆனாலும் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. மரியாதையோடு எழுந்து நிற்பவரை அவமதித்தவர் என்று சொல்ல முடியாது, பாடித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. மிகச் சிறியதொரு சிறுபான்மையும்கூட நாட்டின் அரசமைப்புச் சட்டத்துக்குள் தன் அடையாளத்தைக் காண முடிகிறதா என்பதே உண்மையான ஜனநாயகத்துக்கு உரைகல் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நாடு முழுவதிலும் வாக்கெடுத்திருந்தால் அந்த மூன்று பிள்ளைகளுக்கு எத்தனை பேர் கை உயர்த்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வாக்கெடுப்பில் இன்னொரு குறையும் உண்டு. உங்கள் வழக்குக்கு அதுவே மிக நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் எம்மன் என்ற ஊரில், குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த வெளிநாட்டினரை ஏற்பதா வேண்டாமா என்பதை ஊர் மக்களே வாக்குச்சீட்டில் முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த வாக்கெடுப்பில் இத்தாலியர்களின் விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். நிராகரிக்கப்பட்டவர்களில் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். 2003 ஜூலையில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. குடியுரிமை வழங்க மறுக்கும் முடிவுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். ரகசிய வாக்குச்சீட்டால் காரணம் சொல்ல முடியாது. ஆகவே அந்த முறையே அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. இதனால் சினந்த ஓர் அரசியல் கட்சி, வாக்கெடுப்பு முறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு திருத்தத்தை முன்வைத்தது. 2008-இல் அந்தத் திருத்தம் நாடு முழுவதும் மக்களின் வாக்குக்கு வந்தபோது, மக்களே அதைத் தெளிவான பெரும்பான்மையில் நிராகரித்துவிட்டார்கள். பெரும்பான்மை தன் கையைத் தானே கட்டிக்கொள்ளவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 96 என்ற எண் இருக்கும்; ஏன் என்பது இருக்காது. இதைப் போன்ற ஒரு தகராறில் ஒருமுறை நான் சமரசம் பேசப் போயிருந்தேன். எதிர்த்து வாக்களித்தவர்களிடம் ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், காரணத்தை மட்டும் எழுதுங்கள் என்றேன். சிலர், வண்டி நிறுத்த இடமிருக்காது என்று எழுதியிருந்தார்கள். சிலர், சத்தம் வரும் என்று எழுதியிருந்தார்கள். பல தாள்கள் வெறுமையாகத் திரும்பி வந்தன. ஒரு தாளில், “எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன்” என்று இருந்தது. அந்தத் தாளை எழுதியவரின் நேர்மையை நான் இன்றும் மறக்கவில்லை. வண்டிக்கும் சத்தத்துக்கும் அன்றே வழி கண்டுபிடித்துவிட்டோம். வெறுமையான தாள்களுக்குத்தான் காலம் பிடித்தது.

‘தனி உரிமை மற்றவர்களுக்கு அநீதி’ என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர்கள் கேட்பது தனி உரிமையே அல்ல. நீங்கள் ஏற்கெனவே அனுபவிக்கும் அதே கூடத்தை அதே முறையில் கேட்கிறார்கள். எனவே உங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால், அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அப்படியானால் இனி யாருடைய வழிபாட்டுக்கும் கூடம் இல்லை என்று வைத்துவிடலாம், அதுதானே சமத்துவம்?” என்று கேட்கக்கூடும். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இந்த வாதம் 1930-களிலேயே ஒரு நாட்டால் முன்வைக்கப்பட்டது. அல்பேனியா 1933-இல் தன் அரசமைப்பைத் திருத்தி எல்லாத் தனியார் பள்ளிகளையும் மூடியது. கிரேக்க மொழி பேசும் சிறுபான்மையினரின் பள்ளிகளும் அதில் மூடப்பட்டன. எல்லோருடைய பள்ளியையும்தானே மூடினோம், இதில் பாகுபாடு எங்கே என்று அந்த அரசு கேட்டது. நாடுகளுக்கிடையிலான தகராறுகளை அன்று விசாரித்துவந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1935-இல் தந்த கருத்துரையில் இதை ஏற்க மறுத்தது. பெரும்பான்மையினரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இருக்கிறது, தங்கள் மொழியிலேயே படிக்கிறார்கள். சிறுபான்மையினருக்கு மூடப்பட்ட அந்தப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை. சட்டத்தின் எழுத்தில் மட்டும் சமத்துவம் இருந்தால் போதாது, நடப்பிலும் இருக்க வேண்டும். நடப்பில் சமநிலை வருவதற்குச் சில வேளைகளில் வேறுபட்ட நடத்துமுறை தேவைப்படும் என்பது அந்தக் கருத்துரையின் உள்ளடக்கம். உங்கள் கூடத்தை எல்லோருக்கும் மூடினாலும் இதுவே நடக்கும்: பெரும்பான்மையினருக்கு நடந்துபோகும் தூரத்தில் வேறு வழிபாட்டிடங்கள் இருக்கும்; 11 குடும்பங்களுக்கு இருக்காது. பல ஆண்டுகளாகத் திறந்திருந்த கதவு, அவர்கள் தட்டிய மாதத்தில் மூடப்பட்டால் அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லாமலிருந்தாலும் அது ஒரு சமூகத்தின் மேல் மட்டும் விழலாம். தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே நாடாளுமன்றப் பெரும்பான்மையால் ஒரு குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. வம்சாவளியால் குடிமகன் என்று கோருபவர், தம் முன்னோர் அந்நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதில் மலையகத் தமிழர் என்ற சொல் கிடையாது. ஆனால் தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, அத்தகைய சான்றுகள் எதையும் கையில் வைத்திராத குடும்பங்களே பெருமளவில் அதனால் குடியுரிமையை இழந்தன. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அந்த மக்களின் கட்சியால் 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. எந்தச் சமூகத்தின் மீதும் மற்றவர்களுக்கு இல்லாத இடர்ப்பாட்டைச் சுமத்தும் சட்டம் இயற்றக் கூடாது என்று அன்றைய அரசமைப்பின் 29-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தப் பிரிவைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1953-இல் அது தோற்றது. 1964-இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டன. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 55 ஆண்டுகள். அவ்வளவும் வாக்குச்சீட்டு, நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் இயங்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டில் நடந்தது. இதை எழுதும்போதுகூட என் கை தயங்குகிறது.

நீதிமன்றங்கள் எப்போதும் காப்பாற்றும் என்று நான் உங்களுக்கு உறுதி கூற முடியாது என்பதற்காகத்தான் இதையும் சொன்னேன். 1940-இல் அமெரிக்க நீதிமன்றம் தவறியது. 1953-இல் பிரிவி கவுன்சில் கைவிட்டது. எழுதிவைத்த உரிமை உயிரோடு இருப்பது பெரும்பான்மையினரின் பழக்கத்தில்தான். இந்திய அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டாமலிருப்பது தன் கடமை என்பதைப் பெரும்பான்மை உணர வேண்டும் என்றார். பாகுபாடு காட்டும் பழக்கத்தைப் பெரும்பான்மை கைவிடும் கணத்தில், சிறுபான்மை என்று தனியாக ஒன்று இருப்பதற்கே காரணம் இல்லாமல் போய்விடும் என்பதும் அன்று அவர் சொன்னது. பாதுகாப்பு கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

‘அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் நமக்கு இடம் கொடுக்கிறார்களா?’ என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. அந்த நாட்டை ஆள்பவர்கள் உங்கள் சங்கத்து 11 குடும்பங்கள் அல்ல. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் மொழி பேசும் இன்னொருவரைத் தண்டிக்க எந்த நீதிமுறையிலும் இடமில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, தம் பண்பாட்டை அனுபவிக்கவும் தம் சமயத்தைப் பின்பற்றவும் தம் மொழியைப் பயன்படுத்தவுமான உரிமை, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த ‘நபர்களுக்கு’ மறுக்கப்படக் கூடாது என்கிறது. உரிமை அங்கே ஆளுக்குரியது. நாடுகள் பண்டமாற்றாகக் கொடுத்து வாங்குவதற்குரியது அல்ல. அது ஆளுக்குரியது என்பதால்தான், அந்த 11 குடும்பங்களுக்குள்ளேயே ஒருவர் வழிபாட்டுக்கு வர விரும்பவில்லை என்றால் அவரைக் கட்டாயப்படுத்தவும் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குடியிருப்புச் சங்கம் ஓர் அரசு அல்ல. அரசைக் கட்டுப்படுத்தும் அடிப்படை உரிமைகள் சங்கத்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது நாட்டுக்கு நாடு, உங்கள் துணைவிதிக்குத் துணைவிதி மாறும். அதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே கோரிக்கையை மறுபடியும் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். இம்முறை வென்றாலும் அந்த உரிமை 96 பேரின் தயவில் இருப்பதாகவே ஆகும். மாறாக, கூடத்தைப் பயன்படுத்துவதற்கான ஒரு பொது விதியை எழுதிப் பொதுக்குழுவின் முன் வையுங்கள். முன்பதிவு செய்யும் முறை, கட்டணம், முடிக்க வேண்டிய நேரம், ஒலி அளவு, துப்புரவு, வண்டி நிறுத்தம் ஆகிய எல்லாம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அவற்றை மீறினால் 11 குடும்பங்களுக்கும் அதே அபராதம்தான்.

விதியில் ‘செயற்குழு தன் விருப்பப்படி அனுமதிக்கலாம் அல்லது மறுக்கலாம்’ என்ற வரி மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மரக் கட்டடங்களில் சலவைக்கூடம் நடத்த அனுமதி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அனுமதி தருவது நகரக் குழுவின் விருப்பம். விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுக்கப்பட்டது. சீனரல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886-இல் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறையைச் செல்லாது என்றது. விதியின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ‘விருப்பப்படி’ என்ற வாசல் வழியாகத்தான் எல்லாம் நுழைந்தது. உங்கள் விதியில் அதற்குப் பதிலாக, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணம் கூடத்தின் பயன்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும், கேட்பவர் யார் என்பதைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்று சேருங்கள்.

எதிர்த்த 96 பேரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் துண்டுத்தாள் முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஆதரவாக 14 கைகள் உயர்ந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு என்றால், அந்த 11 வீடுகளுக்கு அப்பால் மூன்று கைகள் உயர்ந்திருக்கின்றன. கைதூக்கும் வாக்கெடுப்பு என்பதால் அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பெண்ணிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். கோரிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டது தவறு என்றும், விதியின் வரைவு இன்ன தேதிக்குள் தயாராகும் என்றும் சொல்லுங்கள். வரைவை எழுதும் குழுவில் அவரையோ அவர் குடும்பத்திலிருந்து ஒருவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். சட்டச் சொற்களைச் சரிபார்த்து அனுப்பிவைக்கிறேன்.